உங்கை என்றால் எங்கே

டென்மார்க்காரர் தொலைபேசியை எடுத்ததும் தங்கள் பெயரைச் சொல்வார்கள். ஹலோ கிடையாது. ஆர் கதைக்கிறது என்ற கேள்வியும் கிடையாது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு, இனி உன் பாடு என்பதுபோல மௌனமாக இருப்பார்கள். வந்த புதிதில் எங்கள் மொழி வகுப்பு ஆசிரியைக்கு முதன்முதலாகப் போன் எடுத்தேன். அவர் "ஹன்ன" என்றார். அதை ஏதோ கேள்வி என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே பதிலான "யா" என்பதைச் சொன்னேன். அவர் மறுபடியும் "ஹன்ன" என்றார், நானும் விடாமல் "யா" என்றேன். மூன்றாம் தரம் அவர் போனை வைத்துவிட்டார். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு இன்று நானும் போனை எடுத்தால் "வசந்தி" என்றுதான் தொடங்குகிறேன். கொக்குவிலில் இருக்கும் என் மச்சாளுக்கு இது பெரிய பகிடி. "உன்ரை பேர் எனக்குத் தெரியுமடி, நான்தானே உனக்கு எடுத்தனான்" என்பாள்.

நான் இருப்பது டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டணம். வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கும் வேலை. எங்கள் பட்டணத்தில் ஒரு தொண்டு அமைப்பு 'டெலிஃபோன்கேத' என்று ஒன்று நடத்துகிறது. தொலைபேசிச் சங்கிலி என்று சொல்லலாம். தனியாக இருக்கும் முதியவர்கள் பத்துப் பேர். காலை எட்டு மணிக்கு முதலாமவர் இரண்டாமவருக்கு எடுப்பார், இரண்டாமவர் மூன்றாமவருக்கு. கடைசி ஆள் முதலாமவருக்கு எடுத்தால் அன்றைய வேலை முடிந்தது. யாராவது எடுக்காவிட்டால் உடனே அமைப்பிலிருந்து ஆள் போகும். சங்கிலி முழுவதும் ஓடி முடிய ஏழு நிமிடம். "காலை வணக்கம், இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்களா, நல்லது, வணக்கம்." அவ்வளவுதான் பேச்சு. இதை நடத்தும் பியர்கித் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, கதை நீண்டால் சங்கிலி அறுந்துவிடும் என்று எல்லோருக்கும் எச்சரிக்கை சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு அந்தச் சங்கிலியில் ஏன் அவ்வளவு பிடிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அம்மா கொக்குவில் வீட்டில் தனியாக இருந்தவர். ஒரு நாள் காலை போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்ததை அடுத்த நாள்தான் அயலவர்கள் கண்டார்கள். ஊரில் அயலட்டை இருக்கும்வரை ஒருவரும் தனியாகச் சாவதில்லை என்று டென்மார்க்காரருக்கு நான் அளந்து வந்த பெருமையெல்லாம் அந்த ஒரு நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு, எடுக்கப்படாத போன் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

சாவகச்சேரியில், தனித்துப்போன முதியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் உதவுகிற ஒரு சிறு அமைப்பு இருக்கிறது. சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஓட்டோ, ஒழுகிற கூரைக்குத் தகரம் என்று தங்களால் ஆனதைச் செய்வார்கள். அதைப் பொறுப்பாகப் பார்ப்பவர் சிவநேசன் அண்ணை. முப்பத்தைந்து வருடம் தபால்காரராக இருந்தவர். அவருக்கு எழுதி, டென்மார்க் சங்கிலியை அங்கேயும் தொடங்கச் சொன்னேன். மிகவும் பெருமையோடு விதிமுறைகளைத் தமிழில் எழுதியும் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, உம்மடை சங்கிலி மூண்டாம் வளையத்தோடை நிண்டுபோச்சு."

"ஏன் அண்ணை, போன் வேலை செய்யேல்லையோ?"

"அது வலு நல்லாய் வேலை செய்யுது. முதலாம் ஆள் ரண்டாம் ஆளோடை ஒண்டரை மணித்தியாலம் கதைச்சவ. மூண்டாம் ஆளுக்குக் காலை வணக்கம் போகேக்கை மத்தியானம். நாலாம் ஆள் பாத்துப் பாத்திருந்திட்டு, தன்னை மதிக்கேல்லையெண்டு கோவிச்சுக்கொண்டு போனை நிப்பாட்டிப்போட்டார். மற்றப் பக்கத்தாலை ரண்டு பேர் பழைய வேலிச் சண்டையைத் திரும்பத் துவங்கியிட்டினம்."

இதைப் பியர்கித்திடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்படியானால் அவர்கள் தனிமையில் இல்லையே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஆனால் அது முழு நியாயம் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் கதைக்கிறவர்களுக்குத்தான் கதைக்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது என்று அவருக்கு விளக்க என் டேனிஷ் போதவில்லை. கடைசியில் சங்கிலியை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தோம். வெளிநாடுகளில் இருக்கும் எங்களைப் போன்ற சிலர், ஆளுக்கு மூன்று நான்கு பேராகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலையும் ஊருக்குப் போன் எடுப்பது என்று முடிவானது. நான் வேலைக்கு வெளிக்கிட முன்னர் என் நான்கு பேரோடும் கதைத்து முடிப்பேன். அந்த நான்கு பேரில் ஒருவர்தான் ராணியக்கா.

செல்வராணி என்பது முழுப் பெயர். எழுபத்துமூன்று வயது. வடகரையில் கடலுக்குப் போன குடும்பம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கரவெட்டியில் தோட்டக் காணிகளுக்கு நடுவே வந்து ஒதுங்கியவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நீரிழிவு, அதனால் கண்பார்வையும் மங்கல். காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தவறினால் தலை சுற்றி விழுந்துவிடுவார். எங்கள் பட்டியலில் இருந்தவர்களில் வெளிநாட்டில் ஒருவருமே இல்லாதவர் அவர் மட்டும்தான். கரவெட்டியில் கடல் இரைச்சல் கேட்காது என்பது அவருடைய தீராத குறை. அதனால் ஒவ்வொரு காலையும் அவருடைய முதல் கேள்வி என் நலம் பற்றியதாக இராது.

"பிள்ளை, உங்கை கடல் எப்பிடி?"

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இங்கை என்றால் கதைக்கிறவர் இருக்கும் இடம். அங்கை என்றால் இரண்டு பேருக்கும் தூரமான இடம். உங்கை என்றால் கேட்கிறவர் இருக்கும் இடம். டேனிஷ்காரரிடம் 'ஹெர்' இருக்கிறது, 'டெர்' இருக்கிறது, இந்த நடுச்சொல் இல்லை. ஒருநாள் பியர்கித்துக்கு இதைச் சொல்லப்போக, "உன் இடத்துக்கு என்று ஒரு சொல்லா? ஏன், உன் இடம் என்றே சொல்லலாமே" என்று கேட்டார். சொல்லலாம்தான். ஆனால் எங்களுக்கு அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற எங்கள் சனம் அதை வைத்துத்தான் சீவிக்கிறது. உங்கை எத்தினை மணி, உங்கை பனியோ, உங்கை சாமான் விலையோ என்று எந்தக் கதையும் அதில்தான் தொடங்கும்.

கொக்குவிலில் வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. டென்மார்க்கில் கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தும் நான் அதை ஏறெடுத்துப் பார்த்தவள் இல்லை. ராணியக்காவுக்குப் பதில் சொல்வதற்காகவே வேலை முடிந்து அந்தப் பக்கத்தால் வரத் தொடங்கினேன். எந்தப் பக்கக் காற்று, எத்தனை படகு துறைமுகத்தில் நிற்கிறது, தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் சொல்வேன். "அப்ப நாளைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டினம்" என்பார். பல நாள் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. "ஒரு நாளைக்கு உங்கை வந்து உந்தக் கடலைப் பாக்கோணும்" என்பதும் அவர் அடிக்கடி சொல்வதுதான். "வாங்கோ அக்கா, எங்கடை வீடுதானே" என்று நானும் வாய்க்கு வந்தபடி அழைத்துவிடுவேன்.

மூன்று வருடம் இப்படிப் போன பிறகு, இந்த ஆடியில் நான்கு வார லீவில் ஊருக்குப் போனேன். அமைப்பின் கந்தோர் சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட, போட்டோக்கொப்பிக் கடை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. சிவநேசன் அண்ணை யன்னலோரம் இருந்த நாற்காலியை எனக்குக் காட்டி, "நிக்கிற நாளிலை இதுதான் உம்மடை இடம்" என்றார். பத்து மணிக்கு வெயில் வந்து காலில் விழும் கதிரை. அங்கே இருந்துகொண்டு, என் டென்மார்க் போனிலிருந்தே அவர்களுடைய பழக்கமான நேரத்துக்கு நான்கு பேருக்கும் எடுத்தேன். ராணியக்காவிடம், "அக்கா, நான் வந்திட்டன். சாவகச்சேரியிலை கந்தோரிலை இருக்கிறன். வெள்ளிக்கிழமை உங்களைப் பாக்க வாறன்" என்றேன். "அப்பிடியோ" என்றார், பிறகு வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அடுத்த நாள் நான் எடுக்க முன்னமே போன் அடித்தது. பழக்கதோஷத்தில் "வசந்தி" என்றேன். காற்று இரைகிற சத்தத்தோடு ராணியக்காவின் குரல் வந்தது.

"பிள்ளை, நான் உங்கை வாறன். வெளிக்கிட்டிட்டன்."

அவ்வளவுதான், போன் நின்றுவிட்டது. திருப்பி எடுத்தால், தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் மாறி மாறிச் சொன்னாள்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் கையில் இருந்தது டென்மார்க் போன். அந்தப் போனில் மூன்று வருடமாக அவர் 'உங்கை' என்று சொன்னதெல்லாம் டென்மார்க். அந்தக் கடலைப் பார்க்க வருகிறேன் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார், ஆளுக்கு மறதி வந்துவிட்டது என்றே என் மனம் முடிவு கட்டியது. எங்கள் பட்டணத்தில் மறதி வந்த எத்தனையோ பேர் இரவு உடுப்போடு பஸ் தரிப்பிடத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டாரோ, சாப்பிட்டாரோ தெரியாது. சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிற வெயில். அந்த இலக்கத்துக்கே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

கந்தோரில் நானும் சிவநேசன் அண்ணையும் மட்டும்தான். கதவைப் பூட்டிக்கொண்டு அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். கரவெட்டியில் ராணியக்காவின் வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஜெயந்தி வெளியே வந்து, நான் பயந்ததையே சொன்னாள்.

"டென்மார்க் பிள்ளையிட்டைப் போறனெண்டு சொல்லிப்போட்டு விடியவே வெளிக்கிட்டிட்டா. நல்ல சேலை உடுத்து, கையிலை பையும் கொண்டு போறா. நான் பகிடியெண்டெல்லோ நினைச்சன்."

"ஊசி போட்டவவோ?" என்று கேட்டேன்.

"அது தெரியாதக்கா. தனக்கும் வெளிநாட்டிலை ஒரு ஆள் இருக்கெண்டு இஞ்சை எல்லாருக்கும் சொல்லித் திரியிறவ."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நெல்லியடி பஸ் நிலையத்தில் எனக்கு வெள்ளைத்தலை எல்லாம் ராணியக்காவாகத் தெரிந்தது. இரண்டு பேரைத் தோளில் தொட்டுத் திருப்பி, ராணியக்காவோ என்று கேட்டு, மன்னிப்பும் கேட்டேன். கொழும்பு பஸ்ஸுக்குச் சீற்று எழுதுகிறவரிடம் ஓடிப்போய், டென்மார்க்குக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வயதுபோன அம்மா வந்தாவோ என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொழும்புக்கு மட்டும்தானக்கா இஞ்சை பஸ்" என்றார். நான் அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டேன். அம்மாவின் போன் அடித்துக்கொண்டிருக்க நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன காலைதான் கண்ணுக்குள் வந்தது. இந்த முறையும் விட்டுவிட்டேன், பக்கத்தில் வந்து இருந்துகொண்டே விட்டுவிட்டேன் என்று சிவநேசன் அண்ணையிடம் சொன்னேன்.

அவர் அவசரப்படவில்லை. தேநீர்க் கடை வாங்கில் என்னை இருத்தி, ஒரு பிளேன்ரீயைக் கையில் தந்தார்.

"தங்கச்சி, அவ சொன்னதை மாத்தாமல் அப்பிடியே சொல்லும் பாப்பம்."

"நான் உங்கை வாறன், வெளிக்கிட்டிட்டன் எண்டவ."

"டென்மார்க் எண்டு சொன்னவவோ?"

"இல்லை. உங்கை எண்டுதான்."

"நீர் எங்கை இருந்து கேட்டனீர்?"

"கந்தோரிலை. நீங்களும் நிண்டனீங்கள்தானே."

"அதுக்கு முதல்நாள் எங்கை இருக்கிறன் எண்டு சொன்னனீர்?"

"சாவகச்சேரியிலை, கந்தோரிலை எண்டு."

"அப்ப உங்கை எண்டால் எங்கை?"

அவர் தேநீரை ஒரே மிடறில் குடித்துவிட்டு எழும்பினார். "முப்பத்தைஞ்சு வரியம் கடிதம் குடுத்தனான். விலாசத்தை வடிவா வாசியாமல் வீடு தேடக்கூடாது" என்றார். அவருடைய குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது, ஆனால் மோட்டார் சைக்கிளை அவர் கிளப்பிய வேகத்தில் அவருக்கும் பயம் இருந்தது என்று தெரிந்தது.

நெல்லியடியிலிருந்து கொடிகாமம், அங்கிருந்து ஏ-ஒன்பது வீதியில் சாவகச்சேரி. வழி நெடுக ஒவ்வொரு பஸ் தரிப்பையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பூட்டிய கந்தோர் வாசலில், போட்டோக்கொப்பிக் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்ரிக் கதிரையில், குங்குமப்பூ நிறச் சேலையோடு ஒரு அம்மா இருந்தார். மடியில் பை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் அவருடைய முகத்தைக் கண்டதில்லை. ஆனால் சைக்கிள் நின்றதும் அவர் வாய் திறந்து ஏசியதுமே ஆளைத் தெரிந்துவிட்டது.

"எங்கை போனனீ? கந்தோரிலை இருக்கிறன் எண்டு சொன்னனியெல்லோ. ரண்டு பஸ் மாறி வந்து பாத்தால் கதவிலை ஆமைப்பூட்டு."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த வெட்கமும், அவர் முழுசாக என் கைக்குள் இருக்கிற நிம்மதியும் சேர்ந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றாக வந்தது. சிவநேசன் அண்ணைதான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஊசி போட்டனீங்களோ? சாப்பிட்டனீங்களோ?"

"ஊசி போட்டு, புட்டுத் திண்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான். கொடிகாமத்திலை இறங்கி வடையும் திண்டனான். போனிலை சார்ச் முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"நான்தானே அக்கா வெள்ளிக்கிழமை வாறனெண்டு சொன்னனான்" என்றேன்.

ராணியக்கா என்னை விலக்கிப் பிடித்து, மங்கலான கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "வெளியிலையிருந்து வந்த ஆளை நாங்கள்தானே போய்ப் பாக்கோணும். அதுதானே முறை. வந்தவள் என்னைத் தேடி வருமட்டும் நான் வீட்டிலை குந்திக்கொண்டிருக்கிறதோ? ஊரிலை எல்லாற்றை வீட்டுக்கும் வெளிநாட்டாலை ஆக்கள் வருகினம், நானும் போய்ப் பாத்திருக்கிறன். எனக்கெண்டு ஆர் வந்தது? இப்பத்தான் ஒராள் வந்திருக்கு."

பைக்குள் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. அதற்குள் சுறாமீனை அவித்து உதிர்த்து வறுத்த வறை. வந்தவளிடம் வெறுங்கையோடு போகக்கூடாது என்று விடியமுன் எழும்பிச் செய்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பார்க்க அயலில் உள்ளவர்கள் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கொக்குவிலில் எத்தனை வீட்டுக்கு அம்மாவின் பின்னால் நானே பெட்டி காவிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் பராமரிப்பு வேலையில் ஊறிப்போன என் புத்திக்கு, உதவி பெறுகிறவர் வீட்டில் இருப்பார், உதவுகிறவர் தேடிப் போவார் என்ற ஒரு வழிப் பாதை மட்டுமே தெரிந்திருந்தது. பட்டியலில் இருந்த ஒருவர் என்னைப் பார்க்க வெளிக்கிடுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

அன்றைக்கு அவரை யன்னலோரக் கதிரையில் இருத்தினேன். சந்தையில் பாண் வாங்கி வந்து மூன்று பேருமாக வறையைச் சாப்பிட்டோம். போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்கும் பங்கு போனது. சிவநேசன் அண்ணை எங்கள் விதிமுறைக் கொப்பியில் ஒரு வரி கூட்டினார்: காலையில் போன் எடுக்கிறவர், இண்டைக்கு எங்கையும் போறியளோ என்று கட்டாயம் கேட்க வேண்டும். பின்னேரம் ஓட்டோவில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில் சுற்றி வடகரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கடலையும் பார்த்தோம். "உன்ரை கடலும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார். எங்களுடையது இதைவிடச் சாம்பல் நிறம் என்றேன். எங்களுடையது என்று சொன்ன பிறகுதான், எதைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

திரும்பி வந்து மூன்று மாதமாகிவிட்டது. இங்கே இப்போது விடிவதே இல்லை. காலை ஆறு மணியும் இருட்டுத்தான். சில நாட்களுக்கு முன்னர் குசினியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கையில், நான் எடுக்க முன்னமே சாவகச்சேரிக் கந்தோர் இலக்கத்திலிருந்து போன் அடித்தது. "வசந்தி" என்றேன்.

"பேர் தெரியும் பிள்ளை. நான் இப்ப எங்கை இருக்கிறன், சொல்லு பாப்பம்?"

"கந்தோரிலை."

"இல்லை. நான் உங்கைதான் இருக்கிறன்."

அரைத் தூக்கத்தில் நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். மறுமுனையில் சிவநேசன் அண்ணை சிரிப்பது கேட்டது. "உம்மடை கதிரையிலைதான் தங்கச்சி" என்று தூரத்திலிருந்து சொன்னார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, வேறு ஒருவரையும் இருக்க விடாமல் அந்தக் கதிரையில் இருந்துவிட்டுப் போகிறாராம்.

கேட்கிறவள் டென்மார்க்கில் நிற்கிறாள், பிறகு எப்படி அது உங்கை ஆகும் என்று நான் திருத்தவில்லை. அந்தச் சொல்லின் இலக்கணத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். வெளியே இருட்டில் கடல் இரைந்தது.

"அக்கா, வெயில் வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். "உன்ரை கதிரைக்கு வந்திட்டுது."